ஐந்து நாற்பதுக்குச் சூடாகும் கார்

லின்யே நியோ இசைக்குழுவின் புது ஆல்பம் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதற்கு முந்தையது வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இனிமேல் வராது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். எங்களில் சீவெர்ட் மட்டும், "வராம இருந்தா அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கே என் சலூனை மூடினேன். எங்கள் ஊரான தீம்ரோவில் பெண்கள் தலைமுடி வெட்டவும் சாயம் போடவும் என் கடைக்குத்தான் வருவார்கள். ஒரு சனிக்கிழமை அரை நாள் மூடினால் திங்கட்கிழமை அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஆனாலும் மூடினேன். வெளியே மைனஸ் பத்தொன்பது. இசைத்தட்டு ஓட்டும் பெட்டியைச் சாயக் குப்பிகளின் அலமாரிமேல் வைத்து, சுழல் நாற்காலிகள் நாலையும் அதைப் பார்த்துத் திருப்பினேன்.

லின்யே நியோ என்றால் ஒன்பதாம் நம்பர் பேருந்து. பக்கத்து நகரமான சுண்ட்ஸ்வாலில் அந்தப் பேருந்தில் பள்ளிக்கூடம் போன நாலு பையன்களும் ஒரு பெண்ணும் 1979இல் ஆரம்பித்த குழு அது. பாடுவது தோர்கெல்; அந்தப் பெண் விவி, பியானோ வாசிப்பாள். எங்கள் ரசிகர் கூட்டம் ஒரு காலத்தில் நாற்பது பேர் இருந்தது. இப்போது நாலு பேர்.

சீவெர்ட் காகித ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு ஆல்பத்திலும் இரண்டு பிரதி வாங்குவான், ஒன்று கேட்க, ஒன்று தொடாமல் வைக்க. யோந்தெ முப்பத்துநாலு வயசுக்காரன். அம்மாவின் பழைய கேசட்டுகளைக் கேட்டு வளர்ந்து எங்களோடு வந்து ஒட்டிக்கொண்டவன். மாரித் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறாள். காட்டோரத் தனி வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து பள்ளியில் விடும் வேலை. அவள் கணவன் ரக்னார் மரக்கட்டை லாரி ஓட்டினான். மூன்று வருஷத்துக்கு முன் டிசம்பரில், கட்டை இறக்கும் இடத்தில் லாரிப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம். அதன் பிறகு மாரித் ஒரு வருஷம் எங்கள் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள், நேற்றுத்தான் போனவள் மாதிரி, கையில் கேக்கோடு வந்து நின்றாள். நாங்களும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றும் அவள்தான் இறாலும் முட்டையும் அடுக்கிய சாண்ட்விச் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒன்றுகூடும் வரை யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. யோந்தெ வெள்ளிக்கிழமையே கேட்டுவிட்டான் என்பது அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"எத்தனை தடவை?" என்றான் சீவெர்ட்.

"ஒரு தடவைகூட இல்ல."

"பொய் சொன்னா உன் காது சிவக்குது. எத்தனை?"

"மூணு. ஆனா போன்ல. போன்ல கேட்டதெல்லாம் கணக்குல வராது, பெருசு."

ஆல்பத்தின் பெயர் 'மைனஸ் இருபத்தேழு'. முதல் பக்கம் ஓடி முடியும் வரை யாரும் பேசவில்லை. ஊசி தூக்கிக்கொண்டதும் சீவெர்ட் தன் கேக் தட்டைக் கீழே வைத்தான்.

"தோர்கெலுக்குக் குரல் போயிடுச்சு."

"போகல, இறங்கியிருக்கு," என்றேன். "அறுபத்துநாலு வயசுல இருபது வயசுக் குரல் வேணுமா? உனக்கு இருக்கா?"

"நான் பாடி யார்கிட்டயும் விக்கல."

"நாலாவது பாட்டுல விவி தனியா பாடினாளே, அது எப்படி?" என்றான் யோந்தெ. "எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

"அந்தப் பாட்டுல டிரம் அடிச்சது மனுஷன் இல்ல, மெஷின். உனக்குப் புல்லரிச்சது கதவிடுக்குல வர்ற காத்துல."

மாரித் சிரித்தாள். "விவி நல்லாத்தான் பாடினா, சீவெர்ட். உனக்கு அவளை எப்பவுமே ஆகாது. எண்பத்தஞ்சுல உனக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா."

"மாட்டேன்னு சொல்லல. பேனா இல்லைன்னு சொன்னா."

இப்படித்தான் எங்கள் பேச்சு எப்போதும் போகும். மறுபக்கம் போட்டேன். அதில் இரண்டாவது பாட்டு, 'ஐந்து நாற்பது'. பியானோவும் தோர்கெலின் குரலும் மட்டும். ஒரு பெண்ணின் புருஷன் இறந்துவிடுகிறான். அவன் கார் முற்றத்தில் பனியில் நிற்கிறது. என்ஜினைச் சூடாக்கும் ஹீட்டரின் டைமரை அவன் காலை ஐந்து நாற்பதுக்கு வைத்திருந்தான். அவள் அதை மாற்றவில்லை. தினமும் விடிகாலையில் டைமர் சொடுக்குகிறது. யாரும் ஏறாத சாப் கார் ஒன்று குளிர்காலம் முழுக்கச் சூடாகிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

முடிந்ததும் யோந்தெ ஏதோ சொல்ல வாயெடுத்தான். சீவெர்ட் விடவில்லை.

"இதை எந்த முட்டாள் நம்புவான்? ஓட்ட ஆளில்லாத காருக்கு ஹீட்டர்! ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் கரண்ட் வீண். உலகத்துல எந்தப் பொம்பளையும் இதைச் செய்ய மாட்டா. மொதல் நாளே பிளக்கைப் பிடுங்கிடுவா."

"தோர்கெல் ஸ்டாக்ஹோமுக்குப் போய் இருபது வருஷம் ஆச்சு," என்றான் யோந்தெ. "அங்க கார் பூமிக்கடியில நிக்குது. ஹீட்டர்னா என்னன்னே அவனுக்கு மறந்திருக்கும். சும்மா உக்காந்து கட்டினது."

நானும் சும்மா இருக்கவில்லை. "வீட்டுக்குள்ள தனியா குளிர்ல கிடக்கிறா, காரைச் சூடாக்குறாளாம். அந்தக் கம்பியைக் கட்டிலுக்கு இழுத்திருக்கலாம்," என்றேன். அந்தச் சலூனில் நான் அடிக்கும் ஜோக்குக்குச் சிரிப்பு வந்தே பழக்கம். அன்றும் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

மாரித் எழுந்து காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நாலு கோப்பை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. அது எனக்கு உறைப்பதற்குள் அவள் திரும்பி வந்து, துண்டில் கையைத் துடைத்தபடி கதவோரம் நின்றாள்.

"ஏழு வாரம்," என்றாள். "குளிர்காலம் முழுக்க இல்ல. ஏழு வாரம். அப்புறம் நானே பிடுங்கிட்டேன்."

எங்களுக்குப் புரியவில்லை.

"அது சாப் இல்ல. வோல்வோ."

சீவெர்ட் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் உரசியது.

மாரித் உட்காராமலே சொன்னாள். ரக்னார் இறந்த பிறகு வந்த வசந்தத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பழைய ஆல்பம் ஒன்றின் உறையில் பாட்டுக் கம்பெனி முகவரி இருந்தது. தோர்கெலுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினாள். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான் டைமர். அந்த ஏழு வாரமும் அதன் சின்னச் சொடுக்குக்குத் தினமும் முழிப்பு வரும். ஒரு நிமிஷம், ரக்னார் எழுந்து குளியலறையில் இருக்கிறான் என்று தோன்றும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் விட்டுவைத்தாள். இதையெல்லாம் எழுதினாள். பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

"மாரித்," என்றேன்.

சீவெர்டின் கழுத்து சிவந்திருந்தது. "இது திருட்டு," என்றான். "சுத்தத் திருட்டு. உன் பேரை உறையில போட்டிருக்கணும். நான் எழுதறேன் அவனுக்கு. நாளைக்கே."

"இப்பதான் பாட்டே குப்பைன்ன," என்றான் யோந்தெ.

"குப்பைன்னு சொல்லல. நம்ப முடியலைன்னேன்."

"நெட்ல நம்ம ரசிகர் பக்கத்துல போட்டா போதும், மாரித்," என்றான் யோந்தெ. " ரெண்டாயிரம் பேர் படிக்கிறாங்க. அவன் தானா வந்து—"

"எங்கயும் போடக் கூடாது," என்றாள் மாரித். குரல் உயரவில்லை. "நான் அவனுக்கு எழுதினேன். உங்களுக்கு எழுதல. ரெண்டாயிரம் பேருக்கும் எழுதல." கோட்டை எடுத்து மாட்டினாள். பனிச் சப்பாத்தின் ஜிப்பு சிக்கிக்கொண்டது; குனிந்து அதோடு மல்லுக்கட்டினாள். உதவிக்கு எழுந்தேன். கையைத் தட்டிவிட்டாள். அவள் வெளியேறியபோது கேக் பாதிக்கு மேல் மேசையில் இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பாட்டு வானொலியில் மணிக்கொருதரம் வந்தது. என் கடையில் வானொலி காலை முதல் ஓடும். தலையில் சாயத்தாளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் கண்ணாடியைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி, தன் அப்பா இறந்து இரண்டு வருஷம் வரை அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துக் காப்பி ஆறு கரண்டியே போட்டதாகவும் மிச்சத்தைத் தினமும் கொட்டியதாகவும் சொன்னாள். இன்னொருத்தி தன் அண்ணனின் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு ஒவ்வொரு நவம்பரிலும் மெழுகு தேய்ப்பதாகச் சொன்னாள். அண்ணன் போய்ப் பதினோரு வருஷமாம். "இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, அன்னெலி. பைத்தியம்னுடுவாங்க." அப்போது, அந்தப் பாட்டு யாருடையது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. கத்தரிக்கோலைக் கீழே போட்டு, அதை எடுக்கக் குனிந்து, தப்பித்தேன்.

மாரித் போனை எடுக்கவில்லை. பள்ளி வண்டி தினமும் என் கடையைத் தாண்டித்தான் போகும். கை காட்டுவேன். அவளும் காட்டுவாள். அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் சீவெர்ட் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறான். அவளே பிறகு எனக்குச் சொன்னாள். கதவைத் திறந்தால் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறான்.

"நான் சொன்னது தப்பு," என்றானாம்.

"எது?"

"ஒன்றரை யூனிட்னு சொன்னது. ஹீட்டர் ஐந்நூறு வாட். ஐந்து நாற்பதுலேர்ந்து ஏழு மணிவரைக்கும் ஓடினாக்கூட முக்கால் யூனிட்டைத் தாண்டாது. வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன்."

மாரித் அவனையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கதவு திறந்தபடி, உள்ளே குளிர் ஏறுகிறது.

"முக்கால் யூனிட் ஒண்ணுமே இல்ல," என்றானாம் மறுபடியும். "யாரும் செய்யலாம்."

"உள்ள வா," என்று சொல்லிவிட்டு அவள் காப்பி போட்டாள். முன்கூடத்தில் மினுக்கிக்கொண்டிருந்த ஒரு விளக்கை அவன் சரிசெய்து கொடுத்தான். ரக்னாரைப் பற்றி இருவரும் பேசவில்லை. போகும்போது மட்டும், "அந்தப் பியானோ நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அன்று சாயங்காலம் மாரித் எனக்குப் போன் செய்தாள். "சீவெர்ட் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான்னு நினைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியல," என்றாள். நான் என் பங்குக்குக் கேட்டேன். கட்டில் பற்றிச் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்லியே கேட்டேன். "வேற யாரைப் பத்தியாவதா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன்," என்றாள்.

மார்ச் கடைசியில் தோர்கெலும் விவியும் சுண்ட்ஸ்வாலில் ஓர் இசைக்கடைக்குக் கையெழுத்துப் போட வந்தார்கள். மாரித் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். வரிசை கடைக்கு வெளியே, நடைபாதை வரை நின்றது. ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

தோர்கெலை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. வீட்டிலேயே சாயம் அடித்த தலை; காதோரம் விட்டுப்போயிருந்தது. தொழில் புத்தி, அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"யார் பேருக்கு எழுதட்டும்?"

"மாரித்."

எழுத ஆரம்பித்தான்.

"தீம்ரோவுலேர்ந்து வர்றேன். அது வோல்வோ."

பேனா நின்றது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"நாலு பக்கம்," என்றான். "நீல மை."

பிறகு எழுந்து விவியின் காதில் ஏதோ சொன்னான். மாரித்தைக் கிதார்கள் தொங்கிய சுவர்ப்பக்கம் கூட்டிப்போனான். எங்கள் இருவரின் கோட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"பதில் எழுதினேன்," என்றான். "மூணு தடவை. மூணும் சரியா வரல. அப்புறம் அது பாட்டா வந்துடுச்சு."

"பாட்டா வந்தப்ப ஒரு போன் பண்ணியிருக்கலாம். லெட்டர்ல நம்பர் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"ஏன் பண்ணல?"

"வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"சொல்லியிருப்பேனா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல," என்றாள் மாரித். "அதைச் சொல்ற வாய்ப்பை எனக்கு நீ குடுத்திருக்கணும்."

அவன் சுவரைப் பார்த்தான். மேடையில் பத்தாயிரம் பேர் முன்னால் நிற்கும் ஆள். அப்போது, பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வந்த அப்பா மாதிரி நின்றான். "ஆமா. குடுத்திருக்கணும்," என்றான். "தப்பு என்னோடது. அடுத்து அச்சடிக்கிறப்ப உன் பேரைப் போடறேன்."

"வேணாம். பேர் வந்தா ஊரே என் வீட்டு முற்றத்துல வந்து நிக்கும். பிள்ளைங்க வண்டிக்குள்ள கேப்பாங்க."

"அப்ப என்ன செய்யட்டும்?"

"வோல்வோன்னு பாடு. ரக்னார் சாப் காரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். செத்தவன் மேல இப்படி ஒரு பழியைப் போடக் கூடாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் அடக்கினான். "தாளத்துல உக்காராது, மாரித். 'சாப்' ஒரே அடி. 'வோல்வோ' ரெண்டு."

"அது உன் பாடு."

திரும்பி வந்து மேசையில் கிடந்த தன் ஆல்பத்தை எடுத்துக்கொண்டாள். 'மாரித்து' என்பதோடு எழுத்து பாதியில் நின்றிருந்தது. அவன் முடிக்கக் கை நீட்டினான். இப்படியே இருக்கட்டும் என்றாள். தெருவுக்கு வந்தோம். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து, இலவங்கப்பட்டை ரொட்டி ஆளுக்கு இரண்டு தின்றோம். "கோபம் போச்சா?" என்று கேட்டேன். "கொஞ்சம்," என்றாள். "மிச்சம் இருக்கட்டும்."

ஜூன் மாதம் சுண்ட்ஸ்வால் துறைமுகத்தில் கச்சேரி. சாயங்காலம் ஏழு மணி. மத்தியானம் போல வெயில். நாங்கள் நாலு பேரும் இடது பக்கம், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றோம். பாதிக் கச்சேரியில் பியானோ அந்தப் பாட்டை ஆரம்பித்தது. சுற்றிலும் பேச்சு அடங்கியது. தோர்கெல் அந்த வரிக்கு வந்தான். 'வோல்வோ' என்று பாடினான். ஒரு அடி அதிகமாகி, பியானோ வாசித்த விவி அவனுக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. முன்வரிசையில் சிலர் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாளம் தட்டிடுச்சு," என்றான் சீவெர்ட். யோந்தெ அவன் காலை மிதித்தான்.

மாரித் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோரையும் போலத்தான் கை தட்டினாள்.

திரும்பும் வழியில் சீவெர்டின் காரில் வந்தோம். அவள் பசிக்கிறது என்றாள். சாலையோர சாசேஜ் கடையில் நிறுத்தி, மரப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் மாரித். "ரக்னாருக்கு லின்யே நியோவைப் பிடிக்கவே பிடிக்காது."

"என்னது?" என்றான் யோந்தெ.

"ஒரு பாட்டுகூட. பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்குன்னுவான். இருபத்தஞ்சு வருஷம் ஒவ்வொரு கச்சேரிக்கும் என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுட்டு, கார்லயே உக்காந்து ஹாக்கி கேட்டுக்கிட்டிருப்பான். கச்சேரி முடிஞ்சு நான் கார்கிட்ட போனா, 'இன்னும் சாகலையா அவங்க?'ன்னு கேப்பான்."

சீவெர்டுக்குப் புரையேறியது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. "இத்தனை வருஷமா அவன் வேலையில இருக்கான், வர முடியலைன்னுதானே எங்ககிட்ட சொன்ன?"

"உங்ககிட்ட சொன்னா அவனை விட்டிருப்பீங்களா?"

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. ரக்னார் பெர்ச் மீனைப் புகைபோடத் தோட்டத்தில் கட்டிய அடுப்பு தீப்பிடித்தது. அவளுடைய அக்கா கல்யாணத்தில் தப்பான சர்ச்சுக்குப் போய் யாரோ ஒருவர் கல்யாணத்தை முழுக்கப் பார்த்துவிட்டு வந்தது. தூக்கத்தில் ரிவர்ஸ் கியர் போட்டது. எங்களில் யாருக்கும் அவனை அவ்வளவாகத் தெரியாது. யோந்தெ கேள்வி மேல் கேள்வி கேட்டான். சீவெர்ட் போய் எல்லோருக்கும் இன்னொரு சாசேஜ் வாங்கி வந்தான், மாரித்துக்கு மட்டும் அவளுக்குப் பிடிக்காத கடுகுச் சாஸ் இல்லாமல்.